காகம் ஆர் எண்டு கேட்டாங்கள்

இருங்கோ அண்ணை. அந்தக் கதிரை வேண்டாம், கால் ஆடும், இதில இருங்கோ. டென்மார்க்கில இருந்து இந்த மழைக்குள்ள கார் ஓடிக்கொண்டு வந்திருக்கிறியள், ஒரு தேத்தண்ணி குடிக்காமல் என்ன கதை. பிள்ளை துசாந்தி, மாமாவுக்குத் தேத்தண்ணி போடு. மகள். ஒரே பிள்ளை, பல் வைத்தியரிட்ட வேலை. அவவின்ர சாதகக் குறிப்பும் இந்த மேசை லாச்சிக்குள்ளதான் கிடக்கு. அதைப் பிறகு கதைப்பம்.

பஞ்சலிங்கத்தின்ர குடும்பத்தைப் பற்றி விசாரிக்க வந்தனீங்கள். உங்கட மருமோனுக்கு, தங்கச்சின்ர பெடியனுக்கு, அவன்ர மகளைப் பேசியிருக்கு. நல்ல விசயம். விசாரிக்கத்தான் வேணும், இந்தக் காலத்தில ஆரை நம்புறது. நான் ஒருத்தரையும் குறை சொல்லுற ஆள் இல்லை. நடந்ததைச் சொல்லுறன், முடிவை நீங்கள் எடுங்கோ.

அவன்ர வலது கையைப் பாத்தனீங்களோ? விரல் எல்லாம் ஒண்டுக்கொண்டு சம்பந்தமில்லாத மாதிரி நிக்கும். சோத்தைக் குழைச்சு வாயில வைக்கேலாது, இடது கையில கரண்டி. என்ன சொன்னவன், பக்டரி மிசினுக்குள்ள போனதெண்டோ? எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்லுறான். அது மிசின் இல்லை அண்ணை. அது ரண்டு வல்லரசு.

சிரிக்கிறியள். அந்தக் காலத்து பெர்லினில இருந்திருந்தால் சிரிக்கமாட்டியள்.

எண்பத்தஞ்சாம் ஆண்டு. நாங்கள் வந்த வழி உங்களுக்கும் தெரியும்தானே. கொழும்பில பிளேன் ஏறி மொஸ்கோ, மொஸ்கோவால கிழக்கு பெர்லின், அங்க ஒரு ரயில் பிடிச்சால் மேற்கு பெர்லின். அந்தச் சுவரைப் பாயப் போய்ச் சூடுபட்டுச் செத்த வெள்ளையள் எத்தினை பேர். எங்களை ஒருத்தனும் மறிக்கேல்லை. மேற்குக்குக் கரைச்சல் குடுக்கிறதெண்டால் கிழக்கானுக்குச் சந்தோசம், போங்கோ போங்கோ எண்டு அனுப்பிவிட்டான். அனுப்பினது எங்களுக்கு நல்லது. ஆனால் இங்கால நிண்ட அமெரிக்காக்காரன் என்ன நினைப்பான்? இவங்கள் எல்லாரும் மொஸ்கோவால வந்தவங்கள், இதுக்குள்ள ரஷ்யாக்காரன் எத்தினை பேரைத் தன்ர ஆளாக்கி விட்டிருக்கிறானோ எண்டு நினைப்பானோ இல்லையோ?

அந்தச் சந்தேகத்துக்குத்தான் நான் தேவைப்பட்டனான். கொழும்பில ஹோட்டல் வேலை செய்தபடியால் எனக்கு இங்கிலீசு நல்லா வரும். ஒரு நாள் ஒருத்தன் வந்து கேக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். மிஸ்டர் டீன் எண்டு பேர் சொன்னான், உண்மைப் பேரோ தெரியாது. எந்த இலாகா எண்டு அவனும் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை, இண்டைக்கும் அந்தப் பேரை என்ர வாயால சொல்லமாட்டன். நீளமான ஆள், கையில எப்பவும் ஒரு சோடி மெல்லிய தோல் கையுறை. கேக் வாங்கித் தந்து போட்டுச் சொன்னான், "குணம், உன்ர ஆக்கள் என்ன செய்யினம், ஆரைச் சந்திக்கினம், எனக்குச் சொல்லு. உனக்கு விசா எடுத்துத் தாறது என்ர பொறுப்பு."

இதில என்ன பிழை? ஒருத்தரும் கேட்டுப் பாக்காத என்னை, ஒரு வல்லரசு கதிரை இழுத்து இருத்திக் கேட்டது.

பஞ்சலிங்கமும் நானும் ஒரே அறை. ஹைம் எண்டு சொல்லுற அகதி விடுதி, இரும்புக் கட்டில், ஒரு ஜன்னல். வேலணைப் பெடியன் அவன். அதிகம் கதையான். அவன் மொஸ்கோவில பிளேன் மாறின நேரம் அங்க ஊரில, மண்ணெண்ணெய் வாங்கப் போன தகப்பனைச் சந்தியில வைச்சு ஆமிக்காரன் சுட்டுப்போட்டான். செய்தி வர முதல் செத்த வீடு முடிஞ்சுது. மூத்த மகன், கொள்ளி வைக்கேலாமல் போச்சு. அதில இருந்து சனிக்கிழமையில விரதம். சோறும் பருப்பும் காச்சி, எள்ளுத் தூவி, காகத்துக்கு வைப்பான். காகம் எடுத்தால்தான் தான் சாப்பிடுவான். எடுக்காட்டில் பட்டினி. "அப்பா வாறார் குணம்" எண்டு சொல்லுவான், ஏதோ பஸ்ஸில வாற மாதிரி. இஞ்சத்தைக் காகமும் எங்கட காகம் மாதிரித்தான், கழுத்துக்குப் பதிலா உடம்பு முழுக்கச் சாம்பல். அவனுக்கு அது போதும்.

ஹைம் காவல்காரன் விடேல்லை. ஜன்னலில சோறு வைச்சால் எலி வருமெண்டு ஏசினான். காகம், காகம் எண்டு ஜெர்மனில அவன் கத்திக் கத்தியே அந்தச் சொல் பஞ்சலிங்கத்துக்குப் பாடமாயிட்டுது. வந்து எத்தினை மாதம், அவனுக்குத் தெரிஞ்ச ஜெர்மன் அவ்வளவுதான்.

பிறகு ஸ்ப்ரே ஆத்தங்கரைக்குப் போகத் தொடங்கினான். வாழை இலைக்கு எங்க போறது, கறி வேக வைக்கிற வெள்ளித் தாளில சோத்தைச் சுத்தி, கரையில ஒரு கல்லில வைப்பான். வைக்க முதல் அங்கயும் இங்கயும் பாப்பான், பொலிஸ் தண்டம் போடுமெண்டு பயம். கா கா எண்டு கூப்பிட வெக்கம், அதால ரண்டு தரம் மெல்லமாக் கை தட்டுவான். பிறகு எட்டப் போய் வாங்கில இருந்து, தனக்கும் அந்தக் கல்லுக்கும் சம்பந்தமில்லாத மாதிரி வேற பக்கம் பாத்துக்கொண்டிருப்பான். காகம் வந்து பொட்டலத்தோட தூக்கிக்கொண்டு பறக்கும். எங்க பறக்கும்? ஆத்துக்கு அங்கால, கிழக்குக்கு. காவல் கோபுரத்துக்குப் பக்கத்தில ஒரு மரம் நிண்டது, அதுக்கு.

நான் கூடப் போய்ப் பாத்தனான். பாத்திட்டுச் சிரிச்சனான்.

அந்த மாதம் மிஸ்டர் டீனுக்குச் சொல்ல என்னட்ட ஒண்டும் இல்லை. எங்கட பெடியள் என்ன செய்தவங்கள், சீட்டு விளையாடினவங்கள், ஊருக்குப் போன் எடுக்க வரிசையில நிண்டு அடிபட்டவங்கள். அவன் கேக்கை என்ர பக்கம் தள்ளாமல் தன்ர பக்கத்திலேயே வைச்சுக்கொண்டு சொன்னான், "இனி வரத் தேவையில்லை, குணம்." விசா போகப் போகுது. நான் என்ன செய்யிறது? என்ர அறையில இருக்கிறவன் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆத்தங்கரையில ஒரு வெள்ளிப் பொட்டலம் வைக்கிறான், ரண்டு பக்கமும் பாத்து, ரண்டு தரம் கை தட்டுறான், பொட்டலம் கிழக்குக்குப் போகுது எண்டன்.

இதில எது பொய்? நீங்களே சொல்லுங்கோ. ஒரு சொல்லும் பொய் இல்லை. உள்ளுக்குள்ள என்ன எண்டு அவன் கேக்கேல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்.

அடுத்த சனிக்கிழமை காகத்துக்கு முதல் டீன்ர ஆள் ஒருத்தன் வந்து பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போயிட்டான். பஞ்சலிங்கம் காகம் எடுத்துதாக்கும் எண்டு நினைச்சு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டான். டீன் என்னைக் கூப்பிட்டுக் கேக்கிறான், சோத்துக்குள்ள கறுப்புக் கறுப்பாக் கிடக்குது, அது என்ன, ஏன் ஒரு இடத்தில கூடவும் ஒரு இடத்தில குறையவும் கிடக்குது எண்டு. எள்ளு அண்ணை. எள்ளை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிப் பாத்திருக்கிறாங்கள். எள்ளு எண்டு நான் சொன்னனான், சும்மா சொல்லக்கூடாது. அதுக்கு அவன், "எள்ளு எண்டு எங்களுக்கும் தெரியும், அதுக்கு என்ன கருத்து?" எண்டான். சனீஸ்வரனைப் பற்றி இங்கிலீசில எங்க போய்ச் சொல்லுறது. எனக்குத் தெரியாது எண்டிட்டன்.

இதில வேடிக்கை என்னெண்டால், ரஷ்யாக்காரன்ர ஆக்களும் அந்தக் கரையைப் பாத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாங்கள். அமெரிக்காக்காரன்ர ஆள் ஒரு கறுத்தப் பெடியன் வைச்ச பொட்டலத்தை எடுக்கிறதைக் கண்டால் அவங்கள் என்ன நினைப்பாங்கள்? இவன் அவங்கட தூதுவன் எண்டுதானே. இவங்களுக்கு அவன் அவங்கட ஆள். அவங்களுக்கு அவன் இவங்கட ஆள். எனக்கெண்டால் இண்டு வரைக்கும் தலை சுத்தும்.

அதுக்கடுத்த சனிக்கிழமை நான் இதே கரையில கொஞ்சம் தள்ளி, பாலத்துக்குக் கீழ நிண்டனான். டீன் நிக்கச் சொன்னவன். பஞ்சலிங்கம் வந்தான், வைச்சான், கை தட்டினான். டீன்ர ஆள் கல்லடிக்கு வாறான். மற்றப் பக்கத்தால பச்சைச் சட்டை போட்ட ஒருத்தன் வாறான், ரஷ்யாக்காரன்ர ஆள். ரண்டு பேரும் ஒரே நேரம் பொட்டலத்தில கை வைச்சவங்கள். ரண்டு பேர் சந்தையில ஒரு மீனுக்கு இழுபடுற மாதிரி இழுபட்டவங்கள். தாள் கிழிஞ்சு சோறு கொட்டினது. பிறகு பச்சைச் சட்டைக்காரன் டீன்ர ஆளின்ர தலைமயிரைப் பிடிச்சு அந்தக் கல்லில அடிச்சான். சிதறு தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டிருக்கிறியள்தானே. அதேதான். ஒருக்கா அடிச்சு அவன் விடேல்லை, திரும்பவும், திரும்பவும். டீன்ர ஆள் காலால உதைஞ்சு உதைஞ்சு வழுக்கி ஆத்துக்குள்ள விழுந்திட்டான்.

அந்த ஆத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேணும். கரை மேற்கின்ரது, தண்ணி முழுக்கக் கிழக்கின்ரது. இங்கால இருந்து ஒருத்தன் தண்ணிக்குள்ள கை வைச்சாலே சுடுவாங்கள். டீன்ர மற்ற ஆக்கள் ஓடி வந்து கரையில நிண்டு பாத்துக்கொண்டு நிண்டவங்கள். விழுந்தவன் கையைத் தூக்கினான், தண்ணிக்குள்ள தாண்டான், திரும்பத் தூக்கினான். தலையைச் சுத்தித் தண்ணி சிவந்தது. கிழக்கால ஒரு போட் ஆறுதலா வந்து, கொக்கித் தடியால அவனைச் சட்டையில கொழுவி இழுத்துக்கொண்டு போனது. உயிரோடையோ பிணமாவோ, எனக்குத் தெரியாது.

அந்த ரத்தச் சோத்தைக் காகம் வந்து கொத்தினது. வாங்கில இருந்த பஞ்சலிங்கம் எழும்பி நிண்டு பாக்கிறான். ஓடியிருக்கலாம். காகம் சாப்பிடுதோ எண்டு பாத்துக்கொண்டு நிண்டவன் விசரன். டீன்ர ஆக்கள் ஆத்தைப் பாத்துக்கொண்டு நிக்க, பச்சைச் சட்டைக்காரன் வந்து அவன்ர வயித்தில ஒரு குத்து விட்டு, ஒரு வான் வண்டிக்குள்ள எறிஞ்சு கொண்டு போயிட்டான்.

அந்த வானுக்குள்ளயும் அதுக்குப் பிறகும் நடந்தது நான் கண்டதில்லை, அவன் பிறகு ஆஸ்பத்திரியில சொன்னதுதான். ஒரு பட்டறை மாதிரி இடமாம். மேசையில கையை விரிச்சு வைச்சு, குறட்டால ஒரு கேள்விக்கு ஒரு விரல். கேள்வி ஒண்டுதான், பொட்டலம் ஆருக்கு. இவன் தெரிஞ்ச ஜெர்மனில சொல்லியிருக்கிறான், காகத்துக்கு எண்டு. அவங்கள் அதைப் பேரெண்டு எடுத்திட்டாங்கள். காகம் எண்டு ஒரு பெரிய ஒற்றன் இருக்கிறானாக்கும். காகம் ஆர்? விரல். காகம் எங்க இருக்கிறான்? விரல். இவன் கடைசியில என்ர அப்பா எண்டிருக்கிறான், தமிழில பாதி, ஜெர்மனில பாதி. அப்பா எங்க? செத்துப் போனார். அதுக்கு அவங்கள் பெருவிரலை உடைச்சாங்கள், தங்களைப் பகிடி பண்ணுறான் எண்டு.

விடிய ஹைம் வாசலில போட்டிட்டுப் போயிருந்தாங்கள். கை பூசணிக்காய் மாதிரி. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனனான். இதையும் நீங்கள் மனசில வைச்சிருங்கோ, ஒருத்தரும் சொல்லமாட்டினம்.

கட்டுப் போட்டு வந்த கையோட டீன்ர ஆக்கள் தூக்கினவங்கள். அவங்கட ஆள் ஒருத்தன் ஆத்தோட போயிட்டான், சும்மா விடுவாங்களே. எனக்கும் ஆள் அனுப்பினவங்கள், மொழிபெயர்க்க. ஒரு வீட்டின்ர நிலக்கீழ் அறை. நான் போகேக்க அவனைக் கதிரையில கட்டியிருந்தது. மேல் சட்டை இல்லை. பூண் போட்ட பெல்ட்டால நெஞ்சில விளாசிக் கோடு கோடாத் தோல் உரிஞ்சு கிடந்தது. ஒருத்தன் பின்னால நிண்டு ஈரத் துவாயை முறுக்கிக்கொண்டிருந்தான். டீன் அந்தத் தோல் கையுறையைப் போட்டுக்கொண்டு எனக்குக் கதிரை காட்டினான், கேக் கடையில காட்டுற மாதிரியேதான்.

"கேள் குணம். காகம் ஆர்?"

பாருங்கோ. அவங்களும் அதே கேள்வி, இவங்களும் அதே கேள்வி. விரல் உடைச்சவங்கள் என்ன கேட்டவங்கள் எண்டு இவன் ஆஸ்பத்திரியில சொல்லப்போய், அது இவங்கட காதுக்கு வந்திட்டுது. எப்பிடி வந்தது எண்டெல்லாம் கேட்கப்படாது. எனக்கு வேலை அது.

நான் கேட்டன், "பஞ்சலிங்கம், காகம் ஆர் எண்டு கேக்கினம்."

அவன் தலையைத் தூக்கினான். ஒரு கண் மூடிப் போச்சு. மற்றக் கண்ணால என்னைப் பாத்து, ஏதோ நல்ல காலம் வந்த மாதிரி முகம் விரிஞ்சது. தண்ணியும் ரத்தமும் வழிஞ்ச வாயால, "குணம், நீயோ. நீ சொல்லன். உனக்குத் தெரியும்தானே" எண்டான்.

அறையில எல்லாரும் என்னைப் பாக்கினம். துவாய் முறுக்கினவனும் நிப்பாட்டிப்போட்டுப் பாக்கிறான். நான் அந்த இடத்தில என்ன செய்யிறது அண்ணை? சுருக்கிச் சொன்னன். மொழிபெயர்ப்பு எண்டால் அப்பிடித்தான், ஒவ்வொரு சொல்லையும் தூக்கி வைக்கேலாது.

பிறகு அவங்கள் தொடங்கினவங்கள். துவாயை மூஞ்சியில போட்டுத் தண்ணி ஊத்தி, கதிரையோட பிரட்டி விலாவில சப்பாத்தால மிதிச்சு, கட்டுப் போட்ட கையில ஒருத்தன் ஏறி நிண்டான். அந்தச் சத்தம் ஆடு கத்துற மாதிரியும் இல்லை, மனுசன் கத்துற மாதிரியும் இல்லை. டீன் ஒருக்கா என்னைத் திரும்பிப் பாத்து, "நீ ஏன் சும்மா நிக்கிறாய்?" எண்டான். நானும் பஞ்சலிங்கமும் ஒரே நாடு, ஒரே அறை. என்னிலயும் சந்தேகம் வந்தால் நானும் அந்தக் கதிரையிலதான். அதால கன்னத்தில ஒரு அறை விட்டனான். மெல்லமாத்தான். அவங்கட அடியோட பாத்தால் அது அடியே இல்லை. அவனுக்கே நொந்திருக்காது.

அதுக்குப் பிறகு அவன் காகம் எண்டும் சொல்லேல்லை, அப்பா எண்டும் சொல்லேல்லை. வாயே திறக்கேல்லை. என்ன அடிச்சும் திறக்கேல்லை. அதில டீனுக்கு இன்னும் சந்தேகம் கூடிப்போச்சு, இவன் பழக்கப்பட்ட ஆளெண்டு. பாத்தியளோ, வாயைத் திறந்து கதைச்சிருந்தால் கை தப்பியிருக்கும். அவன்ர பிடிவாதம். அந்தப் பிடிவாதம் ரத்தத்தில ஓடும், மகளுக்கும் இருக்கும். நான் சொன்னதெண்டு சொல்லாதேங்கோ, ஆனால் யோசிக்கவேண்டிய விசயம்.

சரி, கடைசியில என்ன நடந்தது? இதுதான் என்ர வயித்தெரிச்சல். அவனை ஒரு பூங்காவில எறிஞ்சிட்டுப் போனவங்கள். நாயோட நடக்க வந்த ஒரு பாதிரியார் கண்டு தூக்கி, படம் எடுத்து, ஆக்களைப் பிடிச்சு, அந்தக் கையைக் காட்டிக் காட்டியே அவனுக்கு நிரந்தர விசா. ஒரு வருசத்துக்குள்ள. எனக்கு? கேக் கடைக்குப் போய்ப் போய் இருந்தனான், டீன் வரவேயில்லை. பிறகு சுவரும் விழுந்தது, ரஷ்யாவும் உடைஞ்சது, கேக் கடை இப்ப போன் கடை. நான் வருசக்கணக்கா மூண்டு மாத விசாவோட ஹோட்டலில கோப்பை கழுவினனான். அடி வாங்கினவனுக்கு விசா, வேலை செய்தவனுக்கு ஒண்டுமில்லை. இதுவோ நியாயம்?

அதுக்குப் பிறகு அவன் என்னோட கதைக்கிறதில்லை. கோயிலில கண்டால் மற்றப் பக்கத்தால போவான். சரி, நானும் விட்டுட்டன். ஆனால் ஒண்டு, ஒருத்தருக்கும் என்னைப் பற்றி அவன் ஒண்டும் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கு.

இப்ப சொல்லுங்கோ அண்ணை, ரண்டு பக்கத்து ஒற்றர் இலாகாவிலயும் பேர் அடிபட்ட குடும்பம். நான் நல்ல குடும்பம் எண்டும் சொல்லேல்லை, கூடாத குடும்பம் எண்டும் சொல்லேல்லை. இந்தக் குறிப்பை ஒருக்காப் பாருங்கோ. துசாந்திக்கு இருபத்தாறு நடக்குது, செவ்வாய் இல்லை.

அது சரி, என்னட்ட விசாரிக்கச் சொல்லி உங்களுக்கு ஆர் சொன்னது? கோயில் ஆக்களோ?

ஆர்? பஞ்சலிங்கமோ?

அவன் வாயால என்ர பேர் சொன்னவனோ. என்னெண்டு சொன்னவன்?

"குணத்திட்டக் கேளுங்கோ. அவனுக்குத் தெரியும்."

அப்பிடியேதான் சொன்னவனோ.

இல்லை, ஒண்டுமில்லை. மழை கூடிப்போச்சு, அதுதான் ஜன்னலைப் பாத்தன். துசாந்தி, தேத்தண்ணி என்ன மாதிரி? ஏன் குசினிக் கதவைத் திறந்து வைச்சிருக்கிறாய்?

என்ன கேக்கிறியள்? நிலக்கீழ் அறையில நான் சுருக்கிச் சொன்னது... இங்கிலீசில என்னெண்டு சொன்னனான் எண்டோ? அதை எதுக்கு இப்ப. இத்தினை வருசம் போச்சு. நீங்கள் விடமாட்டியள் போல கிடக்கு. "தெரியுமாம், ஆனால் சொல்லமாட்டானாம்" எண்டு. அவ்வளவுதான். ரண்டு சொல். அவன் சொன்னதும் ஏறக்குறைய அதுதானே.

ஏன் எழும்பிறியள்? தேத்தண்ணி இப்ப வந்திடும். ஆருக்குப் போன் எடுக்கிறியள், உங்கட தங்கச்சிக்கோ. நல்லது, நல்லது, கதையுங்கோ.

"விசாரிச்சிட்டன், நாள் பாக்கச் சொல்லு" எண்டுறியள். எந்தப் பிள்ளைக்கு? குறிப்பை நீங்கள் இன்னும் விரிச்சே பாக்கேல்லையே. அண்ணை, சப்பாத்தைப் பிறகு போடலாம், கொஞ்சம் நில்லுங்கோ. நான் என்ன பிழையாச் சொன்னனான்?

துசாந்தி, மாமா போகப் போறார். கேத்தில் கத்திக்கொண்டு நிக்குது, கேக்கேல்லையே. வந்து இறக்கன் பிள்ளை.

பிள்ளை?